காத்திருப்பின் நீளம்: பெங்களூரும் ஜூலியாவின் குறிப்பேடும்

பெங்களூரின் கணினி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த ஆண்டில் எந்த நிறுவனம் வந்தது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்தச் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது என்றே அது நீளும். ஒரு நிரல்மொழியை உருவாக்கிய நால்வரில் ஒருவர் அந்நகரிலிருந்து பணியாற்றினார் என்பதும், அம்மொழியை மாணவர்களிடம் கொண்டுசேர்த்த வழிகளுள் ஒன்று அந்நகரிலேயே அமைக்கப்பட்டது என்பதும் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. மொழியின் பெயர் ஜூலியா. அது மாணவர்களைச் சென்றடைந்த வாகனத்தின் பெயர் ஊடாட்டக் குறிப்பேடு. ஆங்கிலப் பெயரால் நோட்புக் என்றே பரவலாக அறியப்படுவது. இவ்விரண்டும் சந்தித்த கதையைப் புரிந்துகொள்ள, கேள்வி கேட்பவருக்கும் கணினியின் விடைக்கும் இடையே கிடந்த காத்திருப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

1963-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்து சேர்ந்தது. அங்கே ஃபோர்ட்ரான் மொழியைக் கற்பித்தவர்களுள் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். 1982-இல் அவர் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அங்கு மீக்கணினிக் கல்வி ஆய்வு மையத்தைக் கட்டியெழுப்பியதில் அவருடைய பங்கு முதன்மையானது. அவர் எழுதிய ஃபோர்ட்ரான் பாடநூல்கள் நாடெங்கும் பல தலைமுறை மாணவர்களின் கைகளில் இருந்தன. அந்தத் தலைமுறைகளின் முற்பகுதியினர் கணினியைக் கற்றது அட்டைகளின் வழியாக. நிரலின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. அட்டைகளைத் துளையிட்டு அடுக்கிக் கட்டி, கணினிக் கூடத்தின் சாளரத்தில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். விடை சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ அச்சிட்ட தாளாக வரும். ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் அன்றைய நாள் போயிற்று. பிழையைத் திருத்தி மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும்.

அட்டைகள் மறைந்த பின்னும் அந்தப் பழக்கம் மறையவில்லை. 1986-இல் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகத்தில் ஃப்ளோசால்வர் என்னும் இணைநிலைக் கணினி உருவானது. பாய்மங்களின் ஓட்டத்தைக் கணக்கிடுவதற்காகப் பல செயலிகளை ஒன்றிணைத்து ஆய்வகத்தாரே கட்டிய பொறி அது. அத்தகைய பொறிகளில் வேலை செய்யும் முறை அட்டைக்காலத்து முறையின் தொடர்ச்சிதான்: முழு நிரலையும் எழுதி, தொகுப்பியிடம் கொடுத்து இயந்திர மொழிக்கு மாற்றி, ஓடவிட்டு, முடியும் வரை காத்திருந்து விடையைப் பார்ப்பது. வேகம் வேண்டுமென்றால் அதுவே வழி.

வேறொரு மரபும் இருந்தது. கேள்வியைத் தட்டியவுடன் விடை கிடைக்கும் ஊடாட்ட முறை. 1960களில் கென்னத் ஐவர்சனின் ஏ.பி.எல். அவ்வாறு இயங்கியது. 1970களின் இறுதியில் கிளீவ் மோலர் தம் மாணவர்களுக்காக மேட்லாபை எழுதினார். 1984-இல் அதை விற்க ஒரு நிறுவனம் பிறந்தது. ஓர் அணியைத் தட்டச்சு செய்து, அதன் நேர்மாறைக் கேட்டால், அடுத்த வரியிலேயே விடை நிற்கும். சிந்தனை ஓட்டம் அறுபடுவதில்லை. ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. வரிவரியாகப் பொருள்கொண்டு இயங்கும் மொழி, தொகுக்கப்பட்ட மொழியைவிடப் பல மடங்கு மெதுவானது. எனவே அறிவியலாளர்கள் எண்ணத்தை ஒரு மொழியில் எழுதிச் சோதித்தார்கள்; அது சரியென்று தெரிந்த பின் சி மொழியிலோ ஃபோர்ட்ரானிலோ மீண்டும் எழுதினார்கள், அல்லது எழுதத் தெரிந்தவரைத் தேடிப் போனார்கள். இதை ‘இருமொழிச் சிக்கல்’ என்று துறையினர் அழைப்பர். பெயர் சாதுவாக இருக்கிறது. நடைமுறையில் அது, கேள்வி எவருடையதோ அவர் கையிலிருந்து கருவி நழுவிப் போவதையே குறித்தது. வேகமான நிரலை எழுதத் தெரிந்த ஒருவர் அந்தக் குழுவின் வாயிற்காப்பாளர் ஆகிவிடுவார். அவர் விடுப்பில் சென்றால் ஆய்வும் விடுப்பில் செல்லும்.

இந்தச் சிக்கலோடு நேரடியாக மோதியவர்களுள் ஒருவர் விரல் ஷா. 2007-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருளே, பெருங்கணக்கீடுகளுக்கான ஓர் ஊடாட்ட அமைப்பும் அதை எழுதும் மனிதரின் உழைப்பைக் குறைத்தலும்தான். எம்.ஐ.டி.யின் கணிதப் பேராசிரியர் ஆலன் எடல்மன் தொடங்கிய இன்டராக்டிவ் சூப்பர்கம்ப்யூட்டிங் என்னும் நிறுவனத்தின் ஸ்டார்-பி மென்பொருளோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. மேட்லாபில் எழுதுபவர், எழுத்தை மாற்றாமலே பின்னால் நிற்கும் இணைநிலைக் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பது ஸ்டார்-பியின் நோக்கம். அந்த நிறுவனம் 2009-இல் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போயிற்று.

அதே 2009-இல் இந்திய அரசு தனித்துவ அடையாள ஆணையத்தை அமைத்தது. அதன் தொழில்நுட்பப் பணிகளின் மையம் பெங்களூர். ஷா அந்தப் பணியில் சேர்ந்தார். 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் டெம்ப்லி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. ஆதாரைப் பற்றிய வாதங்கள் வேறு. அவை இங்கே தேவையில்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கான பதிவேட்டின் வேலை ஒருபுறம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதில் பங்கேற்ற ஒருவர் மறுபுறம் மின்னஞ்சல் வழியாக ஒரு புதிய நிரல்மொழியைத் தம் நண்பர்களோடு வடிவமைத்துக்கொண்டிருந்தார். ஜெஃப் பெசான்சன், ஸ்டெஃபன் கார்பின்ஸ்கி, ஆலன் எடல்மன் ஆகியோர் மற்ற மூவர். அவர்கள் அமெரிக்காவில் இருந்தனர். ஒரே கட்டடம், ஒரே ஆய்வகம் என்று அந்த மொழிக்குப் பிறந்த வீடு எதுவும் இல்லை.

2012 பிப்ரவரி 14 அன்று நால்வரும் சேர்ந்து ஜூலியாவை உலகுக்கு அறிவித்தனர். தங்களுக்குப் பேராசை என்று அவர்களே ஒப்புக்கொண்ட அறிவிப்பு அது. சி மொழியின் வேகமும் வேண்டும், ஊடாட்ட மொழியின் எளிமையும் வேண்டும், மேட்லாபின் கணித நெருக்கமும் வேண்டும், எல்லாம் கட்டற்ற உரிமத்தில் வேண்டும். இதைச் சாத்தியமாக்கியது, எழுதப்பட்ட சார்பை முதன்முறை அழைக்கும் அந்தக் கணத்தில் இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பு முறை. கூட்டல் என்னும் ஒரே பெயருக்கு முழு எண்கள், பின்னங்கள், அணிகள் எனப் பொருள்களின் வகைக்கேற்ப வெவ்வேறு செயல்முறைகளை வைத்துக்கொண்டு, உரியதைத் தேர்ந்து, அதற்கு மட்டும் இறுக்கமான இயந்திரக் கட்டளைகளை ஆக்குகிறது ஜூலியா. தொகுப்பி இருக்கிறது, ஆனால் அது சாளரத்துக்கு அப்பால் இல்லை, உரையாடலுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது.

ஆயினும் நல்ல மொழி என்பதாலேயே ஒரு மொழி பிழைத்துவிடாது. 2012-இல் ஜூலியாவைக் கற்க விரும்பிய ஒருவர் கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டியிருந்தது. வரைபடம் காட்ட வசதி குறைவு, பாடநூல் இல்லை, ஆசிரியர் இல்லை. இத்தகைய நிலையில் மடிந்த நிரல்மொழிகள் ஏராளம். ஜூலியாவுக்கு உதவி வந்தது, போட்டியாளராக இருந்திருக்க வேண்டிய பைத்தான் முகாமிலிருந்து.

2001-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த ஃபெர்னாண்டோ பெரெஸ், ஆய்வேட்டை எழுத வேண்டிய நேரத்தில் அதைத் தள்ளிப்போட்டு, பைத்தானுக்கு மேம்பட்ட ஓர் ஊடாட்ட முகப்பை எழுதினார். ஐபைத்தான் அவ்வாறு பிறந்தது. (ஆய்வேட்டைத் தள்ளிப்போடும் ஆய்வு மாணவர்கள் அனைவருக்கும் இத்தகைய பலன் விளைவதில்லை.) பத்தாண்டுக்குப் பின், 2011 டிசம்பரில், அதற்குக் குறிப்பேடு வடிவம் வந்தது. உலாவியில் ஒரு பக்கம். அதில் கட்டங்கள். ஒரு கட்டத்தில் உரை, அடுத்ததில் சமன்பாடு, அதற்கடுத்ததில் நிரல், அதன் கீழேயே விடையும் வரைபடமும். கணித மென்பொருள்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. மேத்தமேட்டிகா 1988-லேயே குறிப்பேட்டைக் கொண்டிருந்தது. ஆனால் அது விலைகொடுத்து வாங்க வேண்டிய, ஒரே மொழிக்கு உரிய குறிப்பேடு.

ஐபைத்தான் குழுவினர் எடுத்த ஒரு முடிவு இங்கே முக்கியமானது. பக்கத்தையும் கணக்கிடும் பகுதியையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்தார்கள். பெங்களூரின் தர்ஷினி உணவகங்களில் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காசு கொடுக்குமிடத்தில் சீட்டு வாங்கி, பரிமாறுமிடத்தில் நீட்டினால் தோசை வருகிறது. சீட்டு எழுதுபவருக்குச் சமைப்பவர் யாரென்று தெரியத் தேவையில்லை; சீட்டின் வடிவம் இருவருக்கும் பொதுவாக இருந்தால் போதும். அதுபோலப் பக்கம், ‘இந்த வரிகளை இயக்கு’ என்று ஒரு செய்தி அனுப்பும். பின்னால் நிற்கும் ‘கர்னல்’ விடையைச் செய்தியாகத் திருப்பும். செய்தியின் வடிவம் பொதுவில் வரையறுக்கப்பட்டிருந்தது. அப்படியானால் கர்னல் பைத்தானாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கே இருக்கிறது?

2013-இல் எம்.ஐ.டி.யின் ஸ்டீவன் ஜான்சன் இந்தக் கதவைத் திறந்தார். ஃபூரியர் மாற்றத்துக்கான புகழ்பெற்ற எஃப்.எஃப்.டி.டபிள்யூ. நூலகத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். ஐபைத்தான் குழுவின் ஒத்துழைப்போடு, அவர்களுடைய குறிப்பேட்டின் பின்னால் ஜூலியாவை அமர்த்தும் ஐஜூலியாவை உருவாக்கினார். ஜூலியாவின் இயல்பு இதற்குப் பொருந்தியும் வந்தது. ஒரு பொருளை எப்படிக் காட்டுவது என்பதையும் வகைக்கேற்பத் தேர்ந்துகொள்ளும் மொழி அது: ஒரே அட்டவணை கருப்புத் திரையில் வெறும் எழுத்தாகவும், குறிப்பேட்டில் கோடிட்ட அட்டவணையாகவும் தோன்றும், எழுதுபவர் எதையும் மாற்ற வேண்டாம். ஒரே நாளில், பல ஆண்டுகள் உழைத்துக் கட்டியிருக்க வேண்டிய ஒரு முகப்பு ஜூலியாவுக்குக் கிடைத்துவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

மறுபக்கத்துக்கும் ஆதாயம் உண்டு. தங்கள் குறிப்பேடு பைத்தானுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு ஐபைத்தான் குழுவினருக்கு ஜூலியா கண்கூடான சான்று ஆயிற்று. 2014-இல் அவர்கள் குறிப்பேட்டைத் தனித் திட்டமாகப் பிரித்து ஜூப்பிட்டர் என்று பெயரிட்டனர். ஜூலியா, பைத்தான், ஆர் ஆகிய மூன்று மொழிகளின் பெயர்கள் அதில் பொதிந்துள்ளன. 1610-இல் வியாழனின் நிலவுகளைக் கண்டு கலிலியோ எழுதிய குறிப்புகளுக்கும் அது வணக்கம் செலுத்துகிறது. இன்று ஜூப்பிட்டரைப் பயன்படுத்துவோரில் மிகப் பெரும்பாலோர் பைத்தானில் எழுதுகின்றனர். பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. 2017-ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் அமைப்பு விருது ஜூப்பிட்டருக்குக் கிடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கர்னல்கள் இன்று அதற்கு உள்ளன.

ஐஜூலியா வந்த பின்னும் ஒரு தடை எஞ்சியிருந்தது. நிறுவுதல். ஜூலியாவை நிறுவ வேண்டும், பைத்தானை நிறுவ வேண்டும், இரண்டையும் இணைக்கும் தொகுதிகளை நிறுவ வேண்டும், அவற்றின் பதிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். கல்லூரிக் கணினிக் கூடத்தில் முப்பது மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டிய ஆசிரியர் எவருக்கும் தெரியும், முதல் வகுப்பு முழுதும் இதிலேயே கழியும். கூடத்தின் கணினிகளில் எதையும் நிறுவும் உரிமை ஆசிரியருக்கே இல்லாத இடங்களும் உண்டு.

இந்தத் தடையை நீக்கவே ஜூலியாபாக்ஸ் வந்தது. ஜூலியா, குறிப்பேடு இரண்டும் தொலைவிலுள்ள சேவையகத்தில் இருக்கும். பயனர் தம் கூகுள் கணக்கால் உள்நுழைந்தால் போதும். அவருக்கென்று ஒரு தனிக் கொள்கலன் திறக்கும், அதனுள் ஒரு முழு ஜூலியா காத்திருக்கும். எதையும் நிறுவ வேண்டாம், காசும் வேண்டாம். இதை வடிவமைத்துக் கட்டியதில் பெங்களூரில் இருந்த பொறியாளர்களின் உழைப்பு கணிசமானது. 2015-இல் ஜூலியாவை உருவாக்கிய நால்வரும் வேறிருவரும் சேர்ந்து ஜூலியா கம்ப்யூட்டிங் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அதன் அலுவலகங்களில் ஒன்று பெங்களூரில் அமைந்தது. அதே ஆண்டில் ஜூலியாவுக்கான இந்திய மாநாடு அந்நகரில் நடந்தது. மொழியின் முதல் மாநாடு சிகாகோவில் கூடி ஓராண்டே ஆகியிருந்த நேரம் அது.

ஜூலியாபாக்ஸின் பொருளாதாரம் சிந்திக்கத் தக்கது. பயனர் ஒருவர் உலாவியைத் திறந்து வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனாலும், அவருடைய கொள்கலன் எங்கோ ஒரு சேவையகத்தின் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு வாடகை ஓடும். அட்டைக்காலத்தில் மாணவர் காத்திருந்தார், பொறி ஓயாது உழைத்தது. ஏனெனில் பொறியின் நேரமே விலைமிக்கது. குறிப்பேட்டுக் காலத்தில் பொறி காத்திருக்கிறது, மாணவர் யோசிக்கிறார். காத்திருப்பு ஒழியவில்லை, அதைச் சுமப்பவர் மாறியிருக்கிறார், அதற்கான பணத்தை யாரோ கட்ட வேண்டியிருக்கிறது. மாணவர் கட்டாதபோது நிறுவனமோ, நன்கொடையாளரோ, பல்கலைக்கழகமோ கட்ட வேண்டும். சில ஆண்டுகள் இலவசமாக ஓடிய ஜூலியாபாக்ஸ் பின்னர் மூடப்பட்டது. நிறுவனத்தின் கவனம் தொழில்துறைப் பயனர்களுக்கான ஜூலியாஹப் பக்கம் திரும்பியது. பின்னாளில் நிறுவனமே அப்பெயரை ஏற்றது. இதில் குற்றம் காண இடமில்லை. கடன்பட்டுத் தண்ணீர்ப்பந்தல் நடத்துபவரிடம் கோடை முடியும் வரை நடத்து என்று கேட்க முடியாது. ஆனால் அந்த முகவரியை நம்பிப் பாடத்திட்டம் எழுதிய ஆசிரியர்கள், அடுத்த பருவத்துக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

இந்தியாவிலேயே இதற்கு மாற்றான ஒரு வழியும் ஓடிக்கொண்டிருந்தது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாஸி திட்டம், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியில் நடப்பது. அது தேர்ந்தெடுத்ததும் ஒரு சிறுபான்மை மொழியையே: பிரான்சில் பிறந்த சைலாப். பொறியியல் பாடநூல் ஒன்றை எடுத்து, அதிலுள்ள தீர்க்கப்பட்ட கணக்குகள் அனைத்தையும் நிரலாக்கி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் வண்ணம் வெளியிடும் ‘பாடநூல் துணை’ என்னும் பணியை அது நாடெங்கும் உள்ள மாணவர்களைக் கொண்டு செய்வித்தது. பைத்தானுக்கான பாடநூல் துணைகள் ஐபைத்தான் குறிப்பேடுகளாகவே உருவாயின. ஜூலியாபாக்ஸோடு ஒப்பிட்டால் இதில் மின்னும் தொழில்நுட்பம் குறைவு. எனினும் கோப்புகள் கோப்புகளாகவே கிடந்தன. ஒரு சேவையகம் நின்றால் மறையும் பொருள்களாக அவை இருக்கவில்லை. வகுப்பறையைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு சிறியதன்று.

ஜூலியா இதற்கிடையில் வளர்ந்தது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் 2015-இல் தங்கள் பொருளாதார மாதிரியை மேட்லாபிலிருந்து ஜூலியாவுக்கு மாற்றினர். 2017-இல் செலஸ்ட் என்னும் வானியல் திட்டம், கலிஃபோர்னியாவின் கோரி மீக்கணினியில் நொடிக்கு ஒரு பெட்டாஃப்ளாப்புக்கு மேற்பட்ட வேகத்தை ஜூலியாவில் எட்டியது, சுமார் 18.8 கோடி விண்பொருள்களின் பட்டியலை அது கால் மணி நேரத்துக்குள் ஆக்கியது. 2018 ஆகஸ்டில் லண்டன் மாநாட்டில் 1.0 பதிப்பு வெளியானது. 2019-இல் பெசான்சன், கார்பின்ஸ்கி, ஷா மூவருக்கும் எண்கணிப்பு மென்பொருளுக்கான வில்கின்சன் பரிசு கிடைத்தது.

வேகத்தில் வெற்றி கண்ட அம்மொழி, குறிப்பேட்டில் ஒரு வேடிக்கையான தோல்வியைச் சந்தித்தது. சார்பை முதன்முறை அழைக்கும்போது தொகுக்கும் முறை, இரண்டாம் முறையிலிருந்துதான் வேகமானது. குறிப்பேட்டைத் திறந்து, வரைபட நூலகத்தை ஏற்றி, ஒரு கோடு வரையச் சொன்னால், கோடு வருமுன் பல நொடிகள் ஓடும். பழைய கணினியில் நிமிடத்தையும் எட்டும். பயனர்கள் இதை ‘முதல் வரைபடத்துக்கான நேரம்’ என்று பெயரிட்டே புலம்பினர். மீக்கணினியில் கோடிக்கணக்கான விண்மீன்களை எண்ணிய மொழி, ஒரு சைன் அலையை வரையத் தயங்கி நின்றது. சாளரத்தில் அட்டை கொடுத்துக் காத்திருந்த பழைய அனுபவம் சிற்றுருவில் திரும்பிவந்தது போல. உருவாக்கியவர்கள் இதை அற்பக் குறையாகக் கருதியிருக்கலாம். புதிதாக வந்தவருக்கோ அதுவே முதல் அறிமுகம். பலர் அந்த முதல் சில நொடிகளிலேயே பைத்தானுக்குத் திரும்பினர் என்று ஊகிப்பதில் தவறில்லை. 2023-இல் வந்த 1.9 பதிப்பு, தொகுத்த இயந்திரக் கட்டளைகளைச் சேமித்து மறுமுறை பயன்படுத்தும் வழியைக் கொணர்ந்த பின்னரே இந்தப் புலம்பல் அடங்கியது. மொழி அறிவிக்கப்பட்டு அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்னொரு குறை ஜூலியாவுடையதன்று; குறிப்பேட்டுடையது. கட்டங்களை எந்த வரிசையிலும் இயக்கலாம் என்பது அதன் வசதி. அதுவே அதன் பொறியும்கூட. முதல் கட்டத்தில் ‘விலை = 40’ என்று எழுதி இயக்கி, மூன்றாம் கட்டத்தில் மொத்தத்தைக் கணக்கிட்டு, பிறகு முதல் கட்டத்தை அழித்துவிட்டால், பக்கத்தில் விலை இல்லை; கர்னலின் நினைவில் 40 இருந்துகொண்டே இருக்கும். எழுதியவருக்கு எல்லாம் சரியாக ஓடும். மறுநாள் அதே பக்கத்தை வேறொருவர் திறந்தால் ஓடாது. 2019-இல் கிட்ஹப்பில் கிடந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்பேடுகளை ஆராய்ந்தவர்கள், மீண்டும் இயக்கிப் பார்த்தவற்றில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவையே பிழையின்றி ஓடின என்றும், முன்பு பதிவான அதே விடையைத் தந்தவை நூற்றுக்கு நான்கு அளவே என்றும் கண்டனர். ஆய்வுக் கட்டுரைக்குச் சான்றாக இணைக்கப்படும் ஆவணத்தின் நிலை இதுவென்றால் அதன் பொருள் கடுமையானது.

இதற்கு விடை ஜூலியா உலகிலிருந்தே வந்தது. 2020-இல் ஃபோன்ஸ் வான் டெர் பிளாஸ், மிகோவாய் போஹென்ஸ்கி ஆகிய இருவர் புளூட்டோ என்னும் புதிய குறிப்பேட்டை வெளியிட்டனர். ஜூப்பிட்டரின் செய்தி வடிவத்தை அது பின்பற்றவில்லை. முழுக்க ஜூலியாவுக்கென்றே எழுதப்பட்டது. எந்தக் கட்டம் எதைச் சார்ந்தது என்பதை அது தானே கண்டறியும். விலையை மாற்றினால் மொத்தம் உடனே மாறும். விலையை அழித்தால் மொத்தம் பிழை காட்டும். நினைவில் பேய் எதுவும் தங்காது. ஒரு பெயரை ஒரே கட்டத்தில்தான் வரையறுக்கலாம் என்ற கண்டிப்பும் உண்டு. புதியவர்களை முதலில் எரிச்சலூட்டும் கண்டிப்பு அது. கோப்போ வெறும் ஜூலியா நிரலாகச் சேமிக்கப்படுகிறது. அதே 2020-இல் எம்.ஐ.டி.யின் கணக்கீட்டுச் சிந்தனைப் பாடத்தை எடல்மன் உள்ளிட்டோர் புளூட்டோ குறிப்பேடுகளிலேயே நடத்தினர். பொதுக் குறிப்பேட்டின் தோளில் ஏறி வளர்ந்த மொழி, வளர்ந்த பின் தனக்கென்று ஒரு குறிப்பேட்டைக் கட்டிக்கொண்டது. ஜூப்பிட்டரின் பெயரிலுள்ள ஜூலியா மட்டும் அங்கேயே நிற்கிறது.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி எஞ்சியுள்ளது. ஜூலியா தொடக்கத்திலிருந்தே யூனிகோடு எழுத்துகளை மாறிகளின் பெயர்களாக ஏற்கிறது. கணித நூலில் உள்ளபடியே கிரேக்க எழுத்துகளைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பதே முதன்மை நோக்கம். ஆனால் அந்தக் கதவு தமிழுக்கும் திறந்தே இருக்கிறது. ‘பரப்பு = நீளம் * அகலம்’ என்று ஒரு கட்டத்தில் எழுதினால் அது அப்படியே இயங்கும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் பெயரின் உறுப்புகளாக ஏற்கப்படும். ‘கொ’ போன்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒருவர் ஒரே குறியாகவும் வேறொருவர் இரண்டு பாதிகளாகவும் உள்ளிட்டாலும், மொழி இரண்டையும் ஒரே பெயராக ஒருங்கமைத்துக்கொள்ளும். விசைப்பலகை மாறும்போது நிரல் உடைந்துபோகும் துன்பத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பைத்தானின் இன்றைய பதிப்புகளும் தமிழ்ப் பெயர்களை ஏற்கின்றன என்பதால் இதை ஜூலியாவின் தனிச்சிறப்பு என்று கொண்டாடுவது நேர்மையாகாது. கட்டளைச் சொற்கள் இரண்டிலும் ஆங்கிலமே. அவற்றையும் தமிழில் அமைக்க முயன்ற ‘எழில்’ மொழியின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. எனினும், விளக்கம் தமிழில், மாறிகள் தமிழில், வரைபடத்தின் தலைப்பு தமிழில் என்று ஒரே பக்கத்தில் ஒரு பாடத்தை அமைக்கும் வாய்ப்பைக் குறிப்பேடுதான் முதலில் தந்தது. நிரல் தனி, விளக்கவுரை தனி என்றிருந்த காலத்தில் அதற்கு இடமே இல்லை.

2025-இல் கூகுள் நிறுவனம் தன் இலவசக் குறிப்பேட்டுச் சேவையான கோலாபில் ஜூலியாவையும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வசதியைச் சேர்த்தது. அதற்கு முன் அங்கே ஜூலியாவை இயக்க விரும்பியவர்கள், பைத்தான் குறிப்பேட்டுக்குள் ஒரு நீண்ட கட்டளையை ஒட்டி, ஒவ்வொரு முறையும் நிறுவிக்கொள்ள வேண்டியிருந்தது. உலாவியைத் திறந்து, கூகுள் கணக்கால் உள்நுழைந்து, எதையும் நிறுவாமல் ஜூலியாவில் ஒரு வரி எழுதுவது: ஜூலியாபாக்ஸ் பத்தாண்டுக்கு முன் செய்தது அதைத்தான். இப்போது வாடகையைக் கட்டுபவர் வேறு.